மொண்டிசோரி என்பது ஒரு பெண்ணின் பெயர்

எமது பருத்தித்துறைப் பக்கத்தில் மூன்று வயதுப் பிள்ளையை எங்கே விட்டிருக்கிறீர்கள் என்று கேட்டால், "மொண்டிசோரிக்குப் போகுது" என்றுதான் பதில் வரும். நேர்சரி, பாலர் பாடசாலை, முன்பள்ளி, மொண்டிசோரி எல்லாம் எமக்கு ஒரே பொருள் தரும் சொற்கள். மொண்டிசோரி என்பது ஒரு பெண்ணின் பெயர் என்பதும், அவர் தனது எழுபதாவது வயதைத் தாண்டிய பின்னர் கொழும்புக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர் என்பதும் அந்தப் பெயரைப் பலகையில் எழுதி வைத்திருக்கும் பலருக்கே தெரியாது. ஆசிரியர் கலாசாலையில் நாமும் புரோபல், பியாஜே, மொண்டிசோரி என்று பெயர்களை வரிசையாக மனனம் செய்து பரீட்சை எழுதி வந்தவர்கள்தாம். அந்த வாழ்க்கையை யாரும் கதையாகச் சொல்லித் தந்ததில்லை. அதைத் தெரிந்துகொண்டால், எமது பிள்ளைகளின் முதல் ஆறேழு வருடங்களை நாம் என்ன செய்கிறோம் என்ற கேள்வி தானாக வரும்.

மரியா மொண்டிசோரி 1870 ஆகஸ்ட் 31ஆம் திகதி இத்தாலியின் அன்கோனா மாகாணத்திலுள்ள கியாரவல்லே என்ற சிற்றூரில் பிறந்தார். தகப்பனார் அரசாங்க உத்தியோகத்தர், பழைய பழக்கவழக்கங்களில் ஊறியவர். தாயார் நிறைய வாசிப்பவர். ஒரே பிள்ளை. குடும்பம் ரோமுக்குக் குடிபெயர்ந்த பின்னர், பதின்மூன்று வயதில் ஆண்பிள்ளைகளே படிக்கும் தொழில்நுட்பப் பாடசாலையில் சேர்ந்தார். பொறியியல் படிக்க வேண்டும் என்பது முதல் விருப்பம், பின்னர் அது வைத்தியமாக மாறியது. படித்த பெண்ணென்றால் ஆசிரியையாகப் போகலாம் என்பது தகப்பனாரின் எண்ணம். ஆசிரியையாக மட்டும் வரமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றவர், கடைசியில் உலகத்து ஆசிரியைகளுக்கெல்லாம் ஆசிரியையாக ஆனார். அல்லாஹ்வின் ஏற்பாடுகள் இப்படித்தான் இருக்கின்றன.

ரோம் பல்கலைக்கழகத்தில் வைத்தியம் படித்தபோது, ஆண் மாணவர்களோடு ஒரே அறையில் நின்று சடலத்தை வெட்டிப் படிப்பது பெண்ணுக்குத் தகாது என்று கருதப்பட்டது. எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகு, மாலையில் தனியாக அந்த அறைக்குள் போய் அவர் அந்தப் பாடத்தை முடித்தார். 1896இல் பட்டம் கிடைத்தது. இத்தாலியின் முதலாவது பெண் வைத்தியர் என்று பல இடங்களில் எழுதுவார்கள். அது சரியல்ல, அவருக்கு முன்னரும் ஓரிருவர் பட்டம் பெற்றிருந்தனர். இல்லாத பெருமையைக் கூட்டிச் சொல்ல வேண்டிய தேவை இந்த வாழ்க்கைக்கு இல்லை.

பல்கலைக்கழகத்தின் மனநோய்ப் பிரிவில் வேலை செய்த காலத்தில்தான் அவருடைய பாதை திரும்பியது. அக்காலத்தில் அறிவு வளர்ச்சி குறைந்த பிள்ளைகளையும் பெரியவர்களோடு சேர்த்து மனநோய் விடுதிகளில் அடைத்து வைப்பார்கள். ஒரு வெற்று அறையில் அடைபட்டிருந்த சிறுவர்கள், சாப்பிட்டு முடிந்ததும் நிலத்தில் சிந்திய பாண் துணுக்குகளைப் பொறுக்கி விளையாடுகிறார்கள் என்று காவற்பெண் அருவருப்போடு சொன்னாராம். பேராசை என்பது அவளுடைய தீர்ப்பு. மொண்டிசோரி அறையைச் சுற்றிப் பார்த்தார். தொட்டுப் பார்ப்பதற்கு அந்த அறையில் வேறு ஒரு பொருளும் இல்லை. அந்தப் பிள்ளைகளின் பசி வயிற்றுப் பசி அல்ல, கைகளின் பசி என்பது அவருக்கு விளங்கியது.

இதார், செகுவான் என்ற இரண்டு பிரெஞ்சு வைத்தியர்கள் அவருக்கு முன்னரே இந்த வழியில் நடந்திருந்தார்கள். அவர்களுடைய நூல்களைத் தேடிப் படித்தார். 1900இல் ரோமில் இத்தகைய பிள்ளைகளுக்கும் அவர்களுடைய ஆசிரியர்களுக்குமாகத் தொடங்கப்பட்ட நிறுவனத்தின் இணைப் பணிப்பாளரானார். பகல் முழுவதும் பிள்ளைகளோடு இருந்து, இரவில் குறிப்பெழுதினார். உதவாது என்று ஒதுக்கப்பட்டிருந்த அந்தப் பிள்ளைகளில் சிலர், மற்றப் பிள்ளைகள் எழுதும் பொதுப் பரீட்சையை எழுதிச் சித்தியடைந்தார்கள். ஊர் அவரைப் புகழ்ந்தது. அவருக்கோ வேறொரு கவலை. இந்தப் பிள்ளைகளே இவ்வளவு செய்ய முடியுமென்றால், ஒரு குறையும் இல்லாத பிள்ளைகள் சாதாரண பாடசாலைகளில் ஏன் இவ்வளவு பின்தங்கிக் கிடக்கிறார்கள்? ஐந்தாம் தரத்துக்கு வந்தும் ஒரு பந்தியைச் சரியாக வாசிக்க முடியாத பிள்ளையைத் தன் வகுப்பில் கண்டிருக்கும் எந்த ஆசிரியருக்கும் இந்தக் கேள்வி சுடும்.

இதே காலத்தில் அவருடைய சொந்த வாழ்க்கையில் ஒரு கனத்த துயரம் இருந்தது. அதை மறைத்து எழுதுவது நேர்மையாகாது. 1898இல் திருமணம் ஆகாமலே அவருக்கு ஒரு மகன் பிறந்தான். மரியோ என்று பெயர். பிள்ளையைக் கிராமத்தில் ஒரு குடும்பத்திடம் வளர்க்கக் கொடுத்துவிட்டு, தன் வேலையைத் தொடர்ந்தார். மகனுக்குப் பதினைந்து வயதளவில் இருக்கும்போதே தன்னிடம் அழைத்துக்கொண்டார். அதன் பிறகும் நெடுங்காலம் உறவுக்காரப் பையன் என்றுதான் வெளியில் அறிமுகம். எமது மார்க்க நோக்கில் இதை நாம் எப்படிப் பார்ப்போம் என்பது வாசகர்களுக்குத் தெரியும். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: உலகத்துப் பிள்ளைகளையெல்லாம் உற்றுப் பார்த்த அந்தக் கண்களுக்குத் தன் பிள்ளையின் முதல் ஆறு வருடங்களைப் பார்க்கக் கிடைக்கவில்லை.

ரோமில் சான் லொறென்சோ என்ற ஏழைக் குடியிருப்பு. ஒரு கட்டட நிறுவனம் அங்கிருந்த பாழடைந்த தொடர்மாடிகளைத் திருத்திக் குடும்பங்களைக் குடியேற்றியது. தாயும் தகப்பனும் கூலி வேலைக்குப் போய்விட, பள்ளிக்கூட வயது வராத பிள்ளைகள் படிக்கட்டுகளில் ஓடித் திரிந்து சுவர்களைக் கிறுக்கிப் பழுதாக்கினார்கள். சுவரைக் காப்பாற்றுவதற்குத்தான் நிறுவனம் ஒரு வழி தேடியது! பிள்ளைகளை ஓர் அறையில் சேர்த்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு மொண்டிசோரியிடம் வந்தது. 1907 ஜனவரி 6ஆம் திகதி அந்த அறை திறக்கப்பட்டது. ஐம்பது, அறுபது பிள்ளைகள். மூன்று வயதிலிருந்து ஆறு வயதுவரை. அழுக்கும் அழுகையும் பயமும். பொறுப்பாக இருந்த பெண் பயிற்றப்பட்ட ஆசிரியையும் அல்ல. முன்னைய பிள்ளைகளுக்காகச் செய்த மர உருளைகள், கட்டைகள், பொத்தான் பூட்டும் துணிச் சட்டங்கள் ஆகியவற்றை மொண்டிசோரி அங்கே கொண்டுவந்து வைத்தார். பிள்ளைகளின் உயரத்துக்கு ஏற்ற சிறிய மேசைகளும் கதிரைகளும் செய்வித்தார். இன்று எல்லா முன்பள்ளியிலும் இருக்கும் அந்தக் குட்டிக் கதிரை அன்று ஒரு புதுமை.

பிறகு அவர் செய்த பெரிய வேலை, பேசாமல் இருந்து பார்த்தது. மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, வெவ்வேறு பருமனுள்ள மர உருளைகளை அவற்றின் குழிகளில் பொருத்துவதும் வெளியே எடுப்பதுமாக இருந்தாள். மற்றப் பிள்ளைகளைச் சுற்றிவரப் பாடச் சொன்னார், அவள் நிமிரவில்லை. அவள் இருந்த கதிரையோடு தூக்கி மேசைமேல் வைத்தார். மடியில் உருளைகளை அணைத்துக்கொண்டு தொடர்ந்து செய்தாள். நாற்பது தடவைக்கும் மேல் செய்துவிட்டு, நித்திரையால் எழும்பியவள் போலச் சிரித்துக்கொண்டு நிறுத்தினாள். சின்னப் பிள்ளைக்கு ஒரு நிமிடத்துக்கு மேல் கவனம் நிற்காது என்று நாம் சொல்லிக்கொண்டிருப்பதற்கு இது நல்ல பதில். கவனம் நிற்கும், நாம்தான் மணியடித்து அதை முறிக்கிறோம்.

இன்னொரு நாள் ஆசிரியை அலுமாரியைப் பூட்ட மறந்துவிட்டார். காலையில் வந்து பார்த்தால் பிள்ளைகள் தாங்களாகவே தமக்கு வேண்டிய பொருள்களை எடுத்து வேலை செய்துகொண்டிருக்கிறார்கள். களவு என்று ஆசிரியை தண்டிக்கப் போனார். அந்தப் பிள்ளைகளுக்கு எது வேண்டும் என்று தெரிவு செய்யத் தெரிந்திருக்கிறது என்று மொண்டிசோரி விளங்கிக்கொண்டார். அன்று முதல் பூட்டு இல்லாத, பிள்ளைகளின் கைக்கு எட்டும் தட்டுகள் வந்தன. எமது பல முன்பள்ளிகளில் அன்பளிப்பாகக் கிடைத்த விளையாட்டுப் பொருள்கள் பிளாஸ்டிக் உறை கழற்றப்படாமல் அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கின்றன. உடைந்துவிடும் என்று பயம்.

என் மனதில் அதிகம் நின்றது மூக்குச் சிந்தும் பாடம். ஒரு நாள் பிள்ளைகளுக்கு, கைலேஞ்சியை எப்படி எடுப்பது, சத்தமில்லாமல் எப்படி மூக்கைச் சிந்துவது என்று மெதுவாகச் செய்து காட்டினார். முடிந்ததும் பிள்ளைகள் கைதட்டினார்கள். அவருக்கு முதலில் ஆச்சரியம், பிறகு விளங்கியது. மூக்கு வடிகிறது என்று அந்தப் பிள்ளைகளை எல்லோரும் ஏசியிருக்கிறார்கள். எப்படித் துடைப்பது என்று ஒருவரும் மரியாதையாகச் சொல்லிக் கொடுக்கவில்லை. தொழுகையில் இருக்கும்போது பேரப்பிள்ளை உமாமாவைத் தோளில் சுமந்த, பிள்ளையின் அழுகுரல் கேட்டுத் தொழுகையைச் சுருக்கிய நபி (ஸல்) அவர்களின் உம்மத் நாம். பள்ளிவாசலின் பின் வரிசையில் சிரிக்கும் சிறுவனை நாம் என்ன செய்கிறோம் என்பதை இந்த இடத்தில் ஒரு தரம் நினைத்துப் பார்க்கலாம்.

இனி எழுத்து விடயம். பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுக்க முதலில் அவர் நினைக்கவில்லை. எழுத்தறிவில்லாத தாய்மார் வந்து கேட்டதனால்தான் தொடங்கினார். உப்புத்தாளில் எழுத்துகளை வெட்டி அட்டையில் ஒட்டி, எழுதும் திசையிலேயே விரலால் தடவச் செய்தார். தடவும்போது அந்த எழுத்தின் பெயரை அல்ல, ஓசையைச் சொல்வது முறை. பென்சில் பிடிக்கும் பழக்கம் வேறொரு விளையாட்டால், உருவங்களுக்குள் கோடு போட்டு நிறந்தீட்டுவதால், தனியாக வந்தது. சில மாதங்களின் பின், மேல்மாடித் தளத்தில் சோக்கால் புகைபோக்கி ஒன்றை வரைந்துகொண்டிருந்த ஐந்து வயதுப் பையன், எனக்கு எழுத வருகிறது என்று கத்திக்கொண்டு, கை என்ற சொல்லை நிலத்தில் எழுதினான். ஒருவரைப் பார்த்து ஒருவராக மற்றப் பிள்ளைகளும் எழுதத் தொடங்கினார்கள். வாசிப்பு அதன் பிறகே வந்தது.

தொட்டுத் தடவி எழுதுவது எமக்குப் புதிதல்ல. திண்ணைப் பள்ளிக்கூடங்களில் மணலைப் பரப்பி விரலால் எழுதினார்கள். சென்னையில் அந்த முறையைக் கண்ட அன்ட்ரூ பெல் என்ற ஸ்கொட்லாந்துப் பாதிரியார் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் அதைத் தன் நாட்டுக்குக் கொண்டுபோனார். எமது மணலை நாம் கைவிட்டோம், கோடு போட்ட கொப்பியைப் பிடித்துக்கொண்டோம்.

வடக்கில் வளரும் ஒரு முஸ்லிம் பிள்ளையின் நிலையை எண்ணிப் பாருங்கள். நான்கு வயதில் காலையில் முன்பள்ளியில் தமிழ் எழுத்தும் ஆங்கில எழுத்தும். பின்னேரம் குர்ஆன் மத்ரசாவில் அரபு எழுத்து. சில இடங்களில் சிங்களமும் சேரும். இரண்டு இடமிருந்து வலமாக, ஒன்று வலமிருந்து இடமாக. தமிழில் அ என்ற எழுத்தின் ஓசையும் அ தான். அரபில் அலிஃப், ஜீம், லாம் என்று பெயர் வேறு, ஓசை வேறு. சொல்லில் நிற்கும் இடத்துக்கு ஏற்ப வடிவமும் மாறும். ஆங்கிலத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். தமிழில் மட்டும் 247 எழுத்துகள். இவ்வளவையும் நான்கு வயதுக் கைக்குள் கொப்பியும் பென்சிலுமாகத் திணித்துவிட்டு, பிள்ளை பென்சிலைக் கண்டால் அழுகிறது என்று முறைப்பாடு செய்கிறோம். இதற்கு மொண்டிசோரியின் வழி மிக மலிவானது. ஹார்ட்வெயார் கடையில் உப்புத்தாள் கிடைக்கும். ஓர் எழுத்து, அதன் ஓசை, அதைத் தடவும் விரல். தமிழ் எழுத்துக்கு ஒரு நிற அட்டை, அரபுக்கு வேறு நிறம், எங்கிருந்து தடவத் தொடங்குவது என்பதற்கு ஒரு புள்ளி. முன்பள்ளி ஆசிரியையும் மத்ரசா உஸ்தாதும் ஒரு தரம் ஒன்றாக இருந்து பேசினால் பாதிச் சுமை குறைந்துவிடும். இருவரும் ஒரே பிள்ளையைத்தான் படிப்பிக்கிறார்கள், ஆனால் சந்திப்பதில்லை.

சான் லொறென்சோவின் செய்தி சில வருடங்களில் உலகமெங்கும் போனது. 1913இல் முதலாவது சர்வதேசப் பயிற்சி நெறி ரோமில் நடந்தது. 1915இல் சான் பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறை ஒன்றை அமைத்து, பிள்ளைகள் வேலை செய்வதை மக்கள் வெளியிலிருந்து பார்க்க வைத்தார்கள். அமெரிக்கக் கல்வியாளர்கள் சிலர் கடுமையாக விமர்சித்ததோடு அங்கே அலை ஓய்ந்தது. அவருடைய பிடிவாதமும் ஒரு காரணம். தன் பெயரில் ஆசிரியரைப் பயிற்றும் உரிமையை மற்றவர்களுக்கு இலேசில் விட்டுக்கொடுக்கமாட்டார். முசோலினியின் அரசாங்கம் தன் பாடசாலைகளுக்குக் கொடுத்த ஆதரவையும் 1924இலிருந்து பத்து வருடங்களளவு ஏற்றுக்கொண்டார். அவருடைய வாழ்க்கையில் எனக்கு ஒப்பாத இடம் அது. ஆனால் தானாகச் சிந்திக்கப் பழகும் பிள்ளையும் கட்டளைக்கு அணிவகுக்கும் பிள்ளையும் ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாது. 1934இல் இத்தாலியில் அவருடைய பாடசாலைகள் மூடப்பட்டன. ஜேர்மனியில் நாஜிகளும் மூடினார்கள். ஸ்பெயினுக்குப் போனார், அங்கே 1936இல் உள்நாட்டு யுத்தம். அறுபத்தாறு வயதில் மீண்டும் பெட்டியைக் கட்டிக்கொண்டு இங்கிலாந்துக்கும் பின்னர் நெதர்லாந்துக்கும். இடம்பெயர்வு என்றால் என்ன என்று எமக்கு விளக்கத் தேவையில்லை.

1939இன் இறுதியில் அடையாறு பிரம்மஞான சபையின் அழைப்பில் மகன் மரியோவுடன் சென்னைக்கு வந்து சேர்ந்தார். சில மாதங்களில் திரும்பும் எண்ணம். முதற் பயிற்சி நெறிக்கு முந்நூறுக்கும் அதிகமானோர் வந்தார்கள். அவர் இத்தாலிய மொழியில் பேச, மரியோ ஆங்கிலத்தில் சொல்வார். 1940 ஜூனில் இத்தாலி யுத்தத்தில் இறங்க, இருவரும் பிரித்தானிய ஆட்சிக்கு எதிரி நாட்டவர் ஆனார்கள். மரியோவைத் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள். தாயாருக்கு அடையாறு வளாகமே எல்லையானது. அந்த ஆகஸ்ட் 31இல் அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு வைஸ்ரோய் மரியோவை விடுவித்து அனுப்பினார். விடுதலைச் செய்தியில் மரியோ அவருடைய மகன் என்றே குறிப்பிடப்பட்டிருந்தது. நாற்பது வருடங்களாக மறைத்துவைத்த உறவை ஓர் அரசாங்கத் தந்தி வெளியில் சொல்லிவிட்டது.

யுத்த காலத்தில் ஏறக்குறைய இரண்டு வருடங்கள் கொடைக்கானலில் கழிந்தன. அங்கே பல நாட்டு, பல வயதுப் பிள்ளைகள் ஒரே இடத்தில் கூடிப் படித்தார்கள். ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கான அவருடைய கல்விமுறை, அதாவது எமது ஆரம்பப் பிரிவு வகுப்புகளுக்கானது, அந்த மலையில்தான் உருப்பெற்றது. செடியும் பூச்சியும் கல்லும் நட்சத்திரமும் தனித்தனிப் பாடங்களாக இல்லாமல், ஒன்றோடொன்று தொடர்புள்ள ஒரே கதையாகப் பிள்ளைக்குக் கிடைக்க வேண்டும் என்பது அதன் சாரம். சிறியவன் பெரியவனைப் பார்த்துப் படிப்பான், பெரியவன் சிறியவனுக்குச் சொல்லிக் கொடுத்துத் தன் பாடத்தை உறுதி செய்துகொள்வான் என்பதையும் அங்கே கண்டார். மீள்குடியேறிய ஊர்களில் பிள்ளைகள் தொகை குறைந்த பாடசாலைகள் இருக்கின்றன. இரண்டு மூன்று தரங்களை ஓர் ஆசிரியர் ஒன்றாக வைத்துக் கற்பிக்கிறார். அதை நாம் ஒரு தரித்திரமாகவே பார்க்கிறோம். பிள்ளை காணாது என்று பெற்றோரும் வேறிடம் தேடிப் போகிறார்கள். கலந்த வயதை ஒரு குறையாகப் பார்க்காமல், திட்டமிட்டு அதற்கேற்ற பொருள்களோடு நடத்தினால் நிலைமை மாறும். அதற்கு ஆசிரியருக்கு அந்தப் பயிற்சி கிடைக்க வேண்டும்.

1944இல் அவர் இலங்கைக்கு வந்து கொழும்பில் பயிற்சி நெறியை நடத்தினார். காலத்தைக் கவனியுங்கள். சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையிலான குழுவின் அறிக்கை 1943இல் வெளியாகி, இலவசக் கல்வி பற்றி நாடே வாதாடிக்கொண்டிருந்த நேரம். 1945இல் அது நடைமுறைக்கு வந்தது. கீழ் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை, ஆரம்பக் கல்வி தாய்மொழியில். ஆனால் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை இன்றுவரை அந்த வாசலுக்கு வெளியேதான் நிற்கிறது. முன்பள்ளிகளை மாகாண சபை பதிவு செய்கிறது, பள்ளிவாசல்களும் சங்கங்களும் தனியாரும் நடத்துகிறார்கள், பெற்றோர் கட்டணம் கட்டுகிறார்கள். ஆசிரியைக்குக் கிடைப்பது சம்பளம் என்று சொல்ல முடியாத ஒரு கொடுப்பனவு. எமது கல்வி முறையில் மிக முக்கியமான மூன்று வருடங்களை மிகக் குறைந்த ஊதியம் பெறுபவரிடம் ஒப்படைத்திருக்கிறோம்.

தரம் ஒன்றிலும் இரண்டிலும் விளையாட்டு, செயற்பாடு, எழுத்துவேலை என்று மூன்றும் இருக்க வேண்டும் என்பது 1990களின் இறுதியில் வந்த சீர்திருத்தத்திலிருந்தே எமது பாடத்திட்டத்தில் உண்டு. காகிதத்தில் அது மொண்டிசோரிக்குத் தூரமில்லை. நடைமுறையில் விளையாட்டு முதலில் கழன்றுவிடும், அடுத்து செயற்பாடு, எழுத்துவேலை மட்டும் மிஞ்சும். காரணம் எல்லோருக்கும் தெரிந்ததே. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் நிழல் முன்பள்ளி வாசல் வரை நீண்டு கிடக்கிறது. கொப்பி நிறைய எழுதி வராத முன்பள்ளியைப் பெற்றோர் நம்புவதில்லை. பெற்றோரைக் குற்றம் சொல்லவும் மனம் வரவில்லை. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டபோது மூன்று நான்கு வயதில் இருந்தவர்கள்தாம் இன்றைய தாய் தகப்பன்மார். ஓலைக்கொட்டிலில், ஒரு பாயில் நெருங்கியிருந்து படிப்பைத் தொடங்கிய தலைமுறை அது. தமக்குக் கிடைக்காத எழுத்தைத் தம் பிள்ளைக்கு மூன்று வயதிலேயே வாங்கிக் கொடுத்துவிடத் துடிக்கிறார்கள். சான் லொறென்சோத் தாய்மாரும் அதைத்தான் கேட்டார்கள். மொண்டிசோரி அவர்களை மறுக்கவில்லை. எழுத்தைக் கொடுத்தார், அதை விரல் வழியாகக் கொடுத்தார்.

யுத்தம் முடிந்து 1946இல் அவர் ஐரோப்பா போனார். அடுத்த வருடமே இந்தியாவுக்குத் திரும்பினார். இந்த வருடங்களில் இந்தியாவில் மட்டும் ஆயிரத்துக்கும் அதிகமான ஆசிரியர்கள் அவரிடம் பயின்றார்கள். 1949இல், பிறந்து இரண்டு வருடமே ஆன பாகிஸ்தானுக்கும் சென்று கராச்சியில் பயிற்சி கொடுத்தார். பிறப்பிலிருந்து ஆறு வயதுவரை பிள்ளையின் மனம் சூழலை எப்படி உறிஞ்சிக்கொள்கிறது என்று அவர் எழுதிய பிரபலமான நூலும் அதே வருடம் அடையாற்றிலிருந்துதான் வெளியானது. சமாதானத்துக்கான நோபல் பரிசுக்கு மூன்று தரம் பெயர் பிரேரிக்கப்பட்டது, கிடைக்கவில்லை.

கடைசி வருடங்கள் நெதர்லாந்தில். 1952 மே 6ஆம் திகதி, நூர்ட்விக் என்ற கடற்கரை ஊரில், எண்பத்தொரு வயதில், ஆபிரிக்காவுக்குப் போவது பற்றி மரியோவோடு பேசிக்கொண்டிருந்தார். இன்று கானா என்று அழைக்கப்படும் நாட்டில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்க ஆள் தேவைப்பட்டது. இந்த உடம்போடு போக முடியாது என்றார் மகன். பிள்ளைகளுக்குத் தேவையான இடத்துக்குப் போகாமல் இருப்பதா என்பது தாயாரின் எண்ணம். அந்த நாட்டைப் பற்றிய விபரம் பார்க்க மரியோ பக்கத்து அறைக்குப் போனார். திரும்பி வந்தபோது அவருடைய உயிர் பிரிந்திருந்தது. அவர் இறந்த ஊரிலேயே அடக்கம் செய்தார்கள்.